எழுபத்திரண்டு படிகள்

"அறுபத்தெட்டு தசம் நாலு," என்றார் அவர், தராசில் நின்றபடி. நான் கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே 68.4 என்று எழுதினேன். மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும், காலைத் தேத்தண்ணிக்கு முதல் நடக்கிற வேலை அது.

"நேற்றையிலும் பார்க்க இருநூறு கிராம் குறைவு. அப்ப ஒரு இடியப்பம் கூடச் சாப்பிடலாம்."

"இருநூறு கிராமுக்கு ஒரு இடியப்பம் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன். எழுதித் தரட்டோ?"

கூட ஒன்று சாப்பிட்டார். பத்தே காலளவில் வாசல் விறாந்தைக் கதிரையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இருந்த இருப்பிலேயே போய்விட்டார். மூக்குக் கண்ணாடிகூட விழவில்லை.

இதயத்து இரத்தக் குழாய் அடைபட்டிருக்காது அம்மா என்று டொக்டர் பிறகு சொன்னார். முந்தி வந்த மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகியிருந்தது. துடிப்பை நடத்துகிற மின்சாரம் அந்தத் தழும்பைச் சுற்றிக் குழம்பியிருக்கவேண்டும். அப்படி நடந்தால் இதயம் அடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடுமாம். இதைக் கேட்க என் கணவர் இருந்திருந்தால், "பம்பிலயும் பிழையில்லை, பைப்பிலயும் பிழையில்லை, கரண்ட்தான்" என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

ஆனால் அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அதற்கு மூன்று வருடத்துக்கு முன், கொட்டாஞ்சேனையில் அவர் எழுபத்திரண்டு படி ஏறிய கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயர் நாகேந்திரம். முப்பத்தைந்து வருடம் தண்ணீர் இறைக்கும் நிலையங்களில் வேலை செய்தவர். எதைக் கண்டாலும் அதில் எங்கே பம்ப், எங்கே வால்வு என்று பார்க்கிற மனிதர். அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு பகல் நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று தானே முடிவெடுத்து ஒரு சோடாவை உடைத்தார். சோடா பாதி முடிய முதல் சேர்ட் நனைந்து ஒட்டிப்போய்விட்டது. இடது தோள், தாடை எல்லாம் நோகுது என்றார். எங்கள் மருமகன் தனஞ்சயன் அன்று தற்செயலாக வீட்டுக்கு வந்திருந்ததால் உடனே காரில் ஏற்றினோம்.

இதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற மூன்று குழாய்களிலும் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தது. ஒன்று முழுதாக அடைத்திருந்தது. பைபாஸ் செய்யவேண்டும் என்றார்கள். செய்தார்கள். கண் விழித்து மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்ன முதல் நீளமான பேச்சு இது:

"இஞ்சாரும், கால்ல இருந்த நரம்பைத்தான் எடுத்து நெஞ்சில பூட்டியிருக்கினம். வெளிச் சாமான் ஒண்டுமில்லை, எல்லாம் ஒறிஜினல் பார்ட்ஸ். அதையும் தலைகீழாப் பூட்டவேணுமாம், தெரியுமே? கால் நரம்புக்குள்ள ஒரு வழி வால்வு இருக்கு. நேராப் பூட்டினால் ஓட்டத்தை மறிச்சிடும். என்ன வேலைக்காரர்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனார். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருந்ததால் சிரிக்க முடியவில்லை. இருமினாலும் சிரித்தாலும் தலையணை ஒன்றை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்று தாதி காட்டித் தந்தாள். அதன் பிறகு அவர் தலையணையை எடுத்தால் ஏதோ பகிடி வரப்போகிறது என்று வார்ட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது. இதயம் ஒரு பம்ப் இல்லை, ஒரு கூட்டுக்குள் இரண்டு பம்ப். வலது பக்கத்தது பக்கத்து வீட்டுக்கு, அதாவது நுரையீரலுக்கு, மெல்லிய அமுக்கத்தில் அனுப்புகிறது. இடது பக்கத்தது தலை முதல் கால் விரல்வரை அனுப்பவேண்டும். ஆகவே அதன் சுவர் மூன்று மடங்கு தடிப்பு. மொத்தம் நாலு வால்வு. டொக்டர் குழாய் வைத்துக் கேட்கிற லப்-டப் என்பது வால்வுகள் சாத்துகிற சத்தம்.

"பம்ப் உடம்பு முழுக்க அனுப்புது. ஆனா தன்ர தசைக்கு வேண்டியதை, அடிச்சு முடிச்சுத் தளர்ற நேரத்திலதான் கூடுதலா எடுக்குது," என்று ஒரு நாள் சொன்னார்.

"நானும் அப்பிடித்தான்," என்றேன். "எல்லாருக்கும் பரிமாறி முடிஞ்ச பிறகுதான் எனக்குச் சோறு."

தலையணையைத் தேடினார். அது அறைக்குள் இருந்தது. பாவம், கையாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சை முடிந்த பதினாறாம் நாள் எங்கள் மகள் உஷாந்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வழக்கமாகத் தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வந்திருப்பாள். நான் ஒரு நோயாளியோடு இருந்தபடியால் கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய நாலாம் மாடி வீட்டிலேயே இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய மாமியார் வந்து நின்று பார்த்தார். பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கை, அதாவது தீட்டை, கழிக்கும் வரை பிள்ளையை வாசல் தாண்டிக் கொண்டுவருவதில்லை. அன்றைக்கு ஐயர் வந்து சடங்கு செய்த பிறகு, தாயின் தகப்பன் பிள்ளையின் கழுத்தில் பஞ்சாயுதம் போடவேண்டும். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று ஐந்து சின்ன ஆயுதம் கோர்த்த பொன் சங்கிலி அது. காவலுக்குப் போடுவது. மார்ச்சுவர் நோகிற நேரத்திலும் அவர் அதைத்தான் முதலில் செய்யக் கொடுத்தார்.

அந்த மாடிக்கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை.

நான் நாலைந்து தரம் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டு வந்தேன். அவருக்குப் போனில்தான் காட்டினார்கள்.

"நீர் பாத்திட்டீர், நான் பாக்கேல்லை," என்பார்.

"இப்பதானே அரை மணித்தியாலம் போனில பாத்தனீங்கள்?"

"போனில பாக்கிறது ஈசீஜி பாக்கிற மாதிரி. கோடு தெரியும், ஆளைத் தெரியாது."

மாமாவைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாம் என்றான் தனஞ்சயன்.

"நாலு பேர் என்னைத் தூக்கிறது ஒருக்காத்தான் தம்பி. அது மேல் மாடிக்கு இல்லை."

"வாயைக் கழுவுங்கோ," என்றேன். அவர் அதற்கிடையில் தலையணையைப் பிடித்துவிட்டார்.

எத்தனை படி என்று எண்ணிவரச் சொல்லி மருமகனை அனுப்பினார். ஒரு மாடிக்குப் பதினெட்டு, நாலு மாடிக்கு எழுபத்திரண்டு. "ஒரு நிமிசத்து இதயத் துடிப்பு மாதிரி!" என்று சந்தோஷப்பட்டார். அதை அவர் ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டார்.

டொக்டர் அப்படி எடுக்கவில்லை. எக்கோ செய்து பார்த்துவிட்டு, இதயம் ஒரு அடிக்கு வெளியே தள்ளுகிற அளவு முப்பத்தைந்து வீதம் என்றார்.

"முப்பத்தைஞ்சு எண்டால் பாஸ்தானே டொக்டர்? எங்கட காலத்தில சோதினைக்கு அதுதான்."

"பாஸ்தான். எண்டாலும் இதில நூறுக்கு ஆரும் எடுக்கிறேல்லை. நல்ல இதயமே அறுபதுதான் தள்ளும். நீங்கள் அறுபதுக்கு முப்பத்தைஞ்சு."

நாலு மாடி உடனே ஏலாது, உடற்பயிற்சி சிகிச்சைக்காரி ஷிம்னா சொல்கிறபடிதான் என்று கையெழுத்து வைத்தார். ஷிம்னாவுக்கு முப்பது வயது இருக்கும். தெஹிவளையிலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளை. சிரித்த முகம், கண்டிப்பான வாய். அவளுடைய சட்டம் இரண்டு. சும்மா இருக்கும்போது உள்ள நாடித்துடிப்பைவிட முப்பதுக்கு மேல் கூடக்கூடாது. ஏறும்போது கதைக்க முடியவேண்டும். கதைக்க மூச்சு இல்லை என்றால் நிற்கவேண்டும்.

"ரெண்டாவது எனக்குக் கஷ்டமில்லை," என்றார் இவர்.

"அது எனக்குத் தெரியும் அங்கிள். மொதலாவதைப் பாருங்க. ரெண்டு மாடி ஏறிக் காட்டுங்க, மத்த ரெண்டுக்கு நான் டொக்டர்ட்ட செல்லுறேன்."

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் நடை தொடங்கியது. முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பம்வரை, பிறகு மூன்றாவது, பிறகு ரயில் பாதைவரை. கடற்கரை ரயில் போகும்போது அதில் தொங்குகிறவர்களுக்குக் கை காட்டுவார். ஒவ்வொரு முறையும் நான் மணிக்கூட்டைப் பார்த்து அவர் மணிக்கட்டைப் பிடிக்க, அவர் எண்ணிக்கையைப் பென்சிலால் எழுதுவார். இறைப்பு நிலையத்தில் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வாசிப்பு எழுதிப் பழகிய கை. கொப்பியை மறந்துவிட்டால் மதிலில் எழுதுவார்.

முப்பத்தோராம் நாளுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது எல்லாம் குழம்பியது. இரண்டு விளக்குக் கம்பம் தாண்ட மூச்சு வாங்கியது. படுத்தால் இருமல். மிதியடி வார் கணுக்காலில் பதிந்து பள்ளமாய் நின்றது. தராசில் ஏற்றினால் நாலு நாளில் இரண்டரைக் கிலோ கூடியிருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் நாள்தோறும் நிறை பார்க்கிறதில்லை.

ஷிம்னா கணுக்காலை விரலால் அமத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"அங்கிள், உண்மையச் செல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க? கருவாடா? ஊறுகாயா?"

"உப்பே கண்ணில காட்டுறேல்லை," என்றேன் நான்.

இவர் தொண்டையைச் செருமினார். "தண்ணி கொஞ்சம் கூடக் குடிச்சனான்."

"எவ்வளவு?"

"ஒரு நாலு போத்தல். பெரிய போத்தல்."

"ஒரு நாளைக்கா? ஒண்டரை லீட்டர்னு எழுதித் தந்தேனே!"

"பிள்ளை, அமுக்கம் குறைவெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பம்ப் பலவீனமா இருந்தா என்ன செய்யிறது? உறிஞ்சுற பக்கத்துத் தாங்கியை நிரப்பி வைக்கிறது. தண்ணி மட்டம் கூடினால் பம்புக்குச் சுகம். முப்பத்தைஞ்சு வருசம் அப்பிடித்தான் ஓட்டினனான்."

எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. நான் சமையலறையில் உப்பை எண்ணி எண்ணிப் போட, இவர் அலமாரிக்குப் பின்னால் போத்தல் ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறார். ஷிம்னா ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தாளை எடுத்து வட்டம் ஒன்று கீறினாள்.

"ஒங்கட நிலையத்தில ஆத்துத் தண்ணி உள்ள வருது, பைப்பில வெளிய போகுது. ஆனா இதில வெளிய போற எடமே இல்ல அங்கிள், மூடின வட்டம். பம்ப் தள்ளினதுதான் சுத்தித் திரும்பி வரும். தள்ள ஏலாத பம்புக்கு நீங்க மேல மேல ஊத்தினா, அது பின்னால தேங்கும். எடது பக்கம் தேங்கினா நுரையீரல்ல நிக்கும், மூச்சு வாங்கும். வலது பக்கம் தேங்கினா கால்ல நிக்கும்."

அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்தது.

"மூடின வட்டம்! மெய்தானே! இஞ்சாரும், நான் இவ்வளவு நாளும் இதை ஆறு எண்டு நினைச்சிட்டன்."

"நினைச்சது காணும். அவவிட்ட மன்னிப்புக் கேளுங்கோ," என்றேன்.

டொக்டர் சலம் போகிற குளிசையின் அளவைக் கூட்டினார். ஆறு நாள் கட்டிலுக்கும் கழிவறைக்குமாய்த் திரிந்தார். தராசு அன்றிலிருந்துதான் கலண்டருக்குப் பக்கத்தில் குடியேறியது. நிறை இறங்க இறங்க மூச்சும் வந்தது. ஆனால் நடை பயிலவேண்டிய நாட்கள் போய்விட்டன. சடங்குக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிப் படியில் இரண்டு மாடி ஏறிக் காட்டினார். சும்மா இருக்கும்போது எழுபத்திநாலு. ஏறி முடித்தபோது சரியாக நூற்றிநாலு. ஷிம்னா மணிக்கூட்டை இரண்டு தரம் பார்த்தாள்.

"விளிம்பில நிக்கிறீங்க. ஒவ்வொரு மாடியிலும் கதிரை இருக்கணும். நூத்திநாலுக்கு மேல போனா ஒக்காரணும், தொண்ணூறுக்குக் கீழ வந்தாத்தான் எழும்பணும். வரல்லண்டா எறங்கணும். ஆன்ட்டி, நீங்க பொறுப்பு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். பட்டு வேட்டி, பொக்கற்றில் பஞ்சாயுதம், காதில் பென்சில், கக்கத்தில் தலையணை. நல்ல நேரம் ஒன்பதே முக்காலுடன் முடிகிறது என்று ஐயர் சொல்லியிருந்தார். லிப்ட் வாசலில் ஒரு அட்டை தொங்கியது. இவர் அதைச் சத்தமாக வாசித்தார்:

"திருத்த வேலை. இரண்டு நாளில் சரிவரும். ரெண்டு நாள்தானாம், பொறுத்துப் போவமோ?"

"ஏறுங்கோ," என்றேன்.

கதிரைகளை மருமகன் கேட்டு வைத்திருந்தான். ஆனால் கட்டடம் முழுக்க விசயம் பரவியிருந்தது எங்களுக்குத் தெரியாது. முதலாம் மாடியில் கதவெல்லாம் திறந்து ஆட்கள் நின்றார்கள். தனஞ்சயன் வைத்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எண்பத்தாறு. சுவரில் பென்சிலால் 86 என்று எழுதினார்.

"மாமா, சுவரில எழுதக்கூடாது," என்றான் தனஞ்சயன்.

"வாசிப்பு எடுத்த இடத்திலதான் எழுதவேணும்."

இரண்டாம் மாடியில் தையற்கார மேபல் தன் மெஷின் கதிரையை மெத்தையோடு கொண்டுவந்து போட்டிருந்தாள். கையில் நெல்லிரசம்.

"குடிங்க ஐயா, களைச்சுப் போயிருக்கீங்க."

"ஒரு மிடறுதான் மேபல். இது மூடின வட்டம்," என்று தொடங்கினார். தொண்ணூற்றியாறு எழுதி முடிக்கும்வரை வட்டம் பற்றிச் சொன்னார். கதைக்க மூச்சு இருந்தது. எனக்கு நிம்மதி.

மூன்றாம் மாடியில்தான் கணக்குப் பிழைத்தது. அங்கே ஷிராஸ் என்ற வியாபாரி, மரியாதைக்காகத் தன் கந்தோரில் இருந்த சுழல்கதிரையைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இவர் அமர்ந்ததும் அது சில்லில் ஓடியது. "யா அல்லாஹ்!" என்று ஷிராஸ் பாய்ந்து கால் கொடுத்து நிறுத்தினார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நூற்றியெட்டு.

"நூத்திநாலு எண்டு போடட்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

"நூத்தியெட்டு."

"சில்லு ஓடின பயம் நாலு இருக்கும்."

"வாசிப்பைப் பொய்யா எழுதிறவன் நிலையத்துக்கே உதவான் எண்டு முப்பத்தைஞ்சு வருசம் வீட்டில வந்து சொன்னது ஆர்?"

என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரில் 108 என்று எழுதினார். நேரம் ஒன்பது இருபத்தைந்து.

காத்திருந்தோம். மேலே உஷாந்தி வாசற்படிக்கு உள்ளேயே நின்று எட்டிப் பார்த்து, "அப்பா, கதையாமல் இருங்கோ!" என்றாள். ஷிராஸ் கதிரையைக் காலால் பிடித்தபடியே நின்றார். மேபல் செபமாலையை எடுத்துவிட்டாள். ஐயர் பாதி மாடி இறங்கி வந்து மணிக்கூட்டைக் காட்டினார். "நல்ல நேரம் போகுதே," என்றார்.

"ஐயா, எனக்கு ஒரே ஒரு மணிக்கூடுதான். அது இவவின்ர கையில."

நூற்றிரண்டு. தொண்ணூற்றியேழு. தொண்ணூற்றிரண்டு. நான் பொய் சொல்ல நினைத்த ஒரே நேரம் அதுதான். சொல்லவில்லை. ஒன்பது முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு வந்தது.

கடைசிப் பதினெட்டுப் படியையும் ஒவ்வொரு படியாக ஏறினார். ஒரு படிக்கு இரண்டு மூச்சு. கட்டடமே எண்ணியது. சிங்களத்திலும் தமிழிலும் எண்ணினார்கள். எழுபதுக்கு வந்தபோது எனக்குத்தான் நெஞ்சு அடித்தது. எழுபத்திரண்டு என்றதும் மேலும் கீழும் கைதட்டல். நூறு என்று வாசலுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போனார்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பேரனை மடியில் வைத்தார்கள். பஞ்சாயுதத்தைப் போட்டார். பிறகு இரண்டு விரலைப் பிள்ளையின் மேற்கையின் உள்பக்கத்தில் வைத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"நூத்தி முப்பத்தாறு! நான் எழுபத்திரண்டு படி ஏறியும் இந்த ஓட்டம் வரேல்லை."

"பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் இருக்கும்," என்றார் சம்பந்தியம்மா.

"தெரியுமோ, வயித்துக்குள்ள இருக்கேக்க இவனுக்கு நுரையீரலால வேலை இல்லை. அதால வலதுக்கும் இடதுக்கும் நடுவில ஒரு சின்னக் கதவு திறந்திருக்கும். வெளியில வந்து முதல் மூச்சு எடுத்து அழுதவுடன அமுக்கம் மாறி அந்தக் கதவு தானாச் சாத்துது. ஆரும் போய்ச் சாத்திறேல்லை!"

"ஐயா, தேங்காய் உடைக்கவேணும்," என்றார் ஐயர்.

அந்த நேரம் பார்த்துப் பேரன் பட்டு வேட்டியை முழுதாக நனைத்தான்.

"எனக்கு இதுக்குக் குளிசை வேணும், இவனுக்கு ஒண்டும் தேவையில்லை!" என்றார் அவர். தலையணை மூன்றாம் மாடியில் விடுபட்டிருந்தது. பேரனையே மெல்ல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் கேட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் போகிறேன். போன சித்திரைக்குப் படிச்சுவர் எல்லாம் பெயின்ட் அடித்துவிட்டார்கள். 86 இல்லை, 108 இல்லை. மேபல் தன் கதிரையை எனக்காக வெளியே வைப்பாள். இரண்டாம் மாடியில் இருந்து என் நாடியை நானே பிடித்துப் பார்ப்பேன். பேரன் மேலே நின்று, "அம்மம்மா, கதைச்சுக்கொண்டு வாங்கோ," என்று கத்துவான். அவனுக்கு அந்தச் சட்டம் யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

லிப்ட் வாசலில் அந்த அட்டை தொங்குகிறது. இரண்டு நாளில் சரிவரும் என்று எழுதியிருக்கிறது.